திரையில் பச்சை, தொட்டியில் ஷார்ட்: உங்களுக்கும் நேர்ந்ததா?

இரவுமுறை:
மின்சாரத்தால் செம்பைச் சுத்திகரிக்கும் ஆலையில், தொட்டிகளின் கண்காணிப்புத் திரை என் பொறுப்பு. அன்று எல்லாத் தொட்டிகளும் 0.28 வோல்ட்டை ஒட்டியே நின்றன. எச்சரிக்கை எதுவும் இல்லை. இருந்தும் உள்ளே ஒரு சுற்றுப் போனேன். உடன் வந்த அண்ணன், கேத்தோடு (செம்பு படியும் தகடு) தொங்கும் கம்பிகள் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே நடந்தார். ஷார்ட்டான கம்பி சூடேறிவிடும்; ஒரே ஒரு கம்பியில் மட்டும் 'சொய்ங்' என்று ஆவி எழுந்தது. தகட்டைத் தூக்கினால், கோலிக்குண்டு அளவு செம்பு முடிச்சொன்று எதிரே நின்ற ஆனோடு (கரையும் செம்புத் தகடு) வரை வளர்ந்து முட்டியிருந்தது. அறைக்குத் திரும்பிப் பார்க்கிறேன், அந்தத் தொட்டி அப்போதும் பச்சைதான். எத்தனை மணி நேர மின்சாரம் செம்பைப் படிய வைக்காமலே ஓடியிருக்கும்?

செம்புக்கை:
கணினியைக் குறை சொல்லாதீர்கள். தொட்டியில் தகடுகள் இணையாக நிற்கின்றன. ஒரு ஜோடி ஷார்ட் ஆனால் மொத்த வோல்ட் கொஞ்சம்தான் இறங்கும். வரம்பு அகலமாக இருந்தால் எச்சரிக்கை எப்படி வரும்? எனக்கு நேர்ந்தது தலைகீழ்: சிவப்பில் நின்ற ஒரு தொட்டியில் மூன்று நாள் ஷார்ட்டைத் தேடினோம். வோல்ட் அளக்கும் கம்பியின் முனையில் சல்பேட் பூத்திருந்தது, அவ்வளவுதான். ஆகவே ஒன்று செய்யுங்கள். எல்லாத் தொட்டிக்கும் ஒரே வரம்பு வைக்காமல், ஒவ்வொன்றையும் அதன் முந்தைய நாள் போக்கோடு ஒப்பிடுங்கள். புதுத் தகடு ஏற்றிய நாளுக்குத் தனி வரம்பு வேண்டும். முனைகளைத் தவறாமல் துடைக்கச் சொல்லுங்கள். செம்பு வழவழப்பாகப் படியக் கலக்கும் பசையும் தயோயூரியாவும் சரியான அளவில் போகின்றனவா என்று பாருங்கள், முடிச்சு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. காஸ்மீட்டரோடு (காந்தப்புலத்தை அளந்து ஷார்ட்டைக் காட்டும் கருவி) நடக்கும் சுற்றை மட்டும் யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

உருக்குழி:
எங்களுடையது அலுமினியம். 4.2 வோல்ட்டில் இருந்த பாட் (அலுமினியம் பிரிக்கும் தொட்டி), கண் இமைப்பதற்குள் 30-ஐத் தாண்டியது. ஆனோடு விளைவு: குளியலில் அலுமினா குறைந்தால் வோல்ட் இப்படி எகிறும். அந்த மூலப்பொடி ஒழுங்காகப் போய்க்கொண்டிருப்பதாகத் திரை கணக்குக் காட்டியது. ஓடிப்போய் மூடியைத் திறந்தேன். உறைந்த மேலோட்டில் பொடி விழும் துளை இறுகி அடைத்திருக்க, அதன்மேல் வெள்ளைப் பொடி குவிந்து கிடந்தது! பொடி போடும் கருவி எத்தனை முறை அசைந்தது என்றுதான் கணினி எண்ணுகிறது. பொடி உருகிய குளியலுக்குள் விழுந்ததா என்பதை அது எப்படி அறியும்? நீடிக்கும் ஒவ்வொரு நொடியும் கார்பன் டெட்ராஃபுளோரைடு என்ற கடுமையான பசுமைக்குடில் வாயு வெளியேறும் என்ற பதைப்பில் கம்பியால் குத்தித் துளையைத் திறந்தோம்.

இரவுமுறை:
செம்புக்கை அவர்களே, கணினியை நான் குறை சொல்லவில்லை. பொய் எச்சரிக்கைகள் தாங்க முடியாமல் போன மாதம் அந்த வரம்பை அகலப்படுத்தியது நான்தான். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.