மிகுந்த உடல் பருமன்: வீடியோ லாரிங்கோஸ்கோப் இருந்தால் போதுமா?

கேள்வி (கடலூர் மயக்கவியலர்):
மூத்தோருக்கு வணக்கம். கடலூரில் ஒரு சிறிய மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்து வருகிறேன். பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோப்பி அறுவைக்கு வரவிருக்கும் ஒரு பெண்மணியின் எடை 118 கிலோ, உயரம் 155 சென்டிமீட்டர். அதாவது பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 49. இரவில் பலத்த குறட்டை விடுவதாகவும் இடையிடையே மூச்சு நின்றுபோவதாகவும் வீட்டார் சொல்கிறார்கள். தொண்டையின் உட்புறத்தைத் திரையில் காட்டி, மூச்சுக்கான டியூபைப் போட உதவும் வீடியோ லாரிங்கோஸ்கோப் எங்களிடம் உண்டு; அதன் பிளேடு (நாக்கை விலக்கும் தகடு) வளைவு கூடியது. அதை நம்பி இங்கேயே செய்யலாமா, புதுச்சேரிக்கு அனுப்பிவிடலாமா?

பதில் 1 (பாகூர் வாசி):
முதல் முயற்சிக்கே வீடியோ கருவியை எடுப்பது சரிதான். ஆனால் குரல்நாண் திரையில் பளிச்சென்று தெரியும்போதே டியூபின் முனை மூச்சுக்குழலின் முன்சுவரில் முட்டி நிற்பது இந்த பிளேடில் அடிக்கடி நேரும். பிளேடின் வளைவுக்கேற்ப வளைத்த ஸ்டைலெட்டை (டியூபுக்குள் செருகும் கம்பி) போட்டு, டியூபின் முனை குரல்நாணைத் தாண்டியதும் உதவியாளரிடம் ஸ்டைலெட்டைச் சற்றே பின்னிழுக்கச் சொல்லி, டியூபைத் தள்ளுங்கள். டியூபை வாய்க்குள் நுழைக்கும் கணத்தில் திரையைப் பார்க்காமல் வாயைப் பாருங்கள். அண்ணம் கிழிவது அப்போதுதான்.

பதில் 2 (ஓய்வுபெற்ற பேராசிரியர்):
கருவியைவிட நேரத்தைப் பற்றியே நான் கவலைப்படுவேன். நன்றாக ஆக்சிஜன் கொடுத்தபின் மூச்சு நின்றால், ஆரோக்கியமான ஒல்லியானவர் சுமார் 8 நிமிடம் தாங்குவார். இவரோ 2 அல்லது 3 நிமிடத்திலேயே நீலம் பாரிப்பார், ஏனெனில் படுத்தவுடன் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளி, நுரையீரலில் இருக்கவேண்டிய இருப்புக் காற்றைக் குறைத்துவிடுகிறது. ஆகவே மடித்த போர்வைகளைத் தோளுக்கும் தலைக்கும் கீழே அடுக்கி, காதுத் துளையும் மார்பெலும்பின் மேல்குழியும் ஒரே மட்டத்தில் வருகின்றனவா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். மேசையின் தலைப்பக்கத்தை 25 டிகிரி உயர்த்துங்கள். டியூப் போடும் நேரத்திலும் மூக்கு வழி ஆக்சிஜன் ஓடட்டும். டியூப் போடவே முடியாமல் மூச்சுக்காகக் கழுத்தில் துளையிட நேர்ந்தால், துளையிடும் இடம் விரலால் தடவினால் அகப்படாது. முன்பே அந்த இடத்தை அல்ட்ராசவுண்டில் பார்த்துப் பேனாவால் குறித்துவிடுங்கள்.

பதில் 3 (புதுச்சேரி தீவிர சிகிச்சை):
டியூபைப் போடுவதைப் பற்றியே பேசுகிறோம். எடுப்பதல்லவா இவருக்குச் சிக்கல்? பிரிட்டனில் 2011-இல் வெளியான நாப்4 (மூச்சுப்பாதைச் சிக்கல்கள் பற்றிய தேசிய ஆய்வு) அறிக்கையில், மயக்கத்தின்போது நேர்ந்த மூச்சுப்பாதை விபத்துகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, நோயாளி விழிக்கும்போதோ அதன் பிறகோ நேர்ந்தவை. அன்றிரவு சிபாப் கருவியும் (முகமூடி வழியே அழுத்தக் காற்று தந்து மூச்சுப்பாதையைத் திறந்து வைப்பது) விழித்திருந்து பார்க்கும் செவிலியரும் உங்களிடம் இல்லையென்றால், அவசரமில்லாத இந்த அறுவையை இங்கே அனுப்புங்கள்; 25 கிலோமீட்டர்கூட இல்லாத தூரம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. இரவுப் பணிக்கு ஒரே செவிலியர்தான், சிபாப் இல்லை. அனுப்பிவிடுகிறேன்.