இருவரும் சம்மதித்தால் விவாகரத்து உடனே கிடைக்குமா?

கேள்வி (வெள்ளவத்தை):
வணக்கம். 2014இல் எங்கள் திருமணம் பதிவாளர் முன்னிலையில் பதிவானது. 2020இல் தம் பெற்றோர் வீட்டுக்குப் போன கணவர் திரும்பி வரவில்லை. எட்டு வயது மகள் என்னோடு இருக்கிறாள். இப்போது சண்டை எதுவும் இல்லை. எங்கே கையொப்பமிடச் சொன்னாலும் இடுகிறேன் என்று அவரே சொல்கிறார். இருவரும் ஒன்றாகப் போய் ஒரே மனுவில் கையொப்பமிட்டால் போதுமா, அல்லது ஏழு வருடம் பிரிந்திருந்தாலே விவாகரத்துக் கிடைத்துவிடும் என்று மாமா சொல்வதுபோல் 2027 வரை காத்திருக்க வேண்டுமா? கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் எனக்குச் சிங்களம் வரும் என்பதால் நீதிமன்றத்தை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பதில் (ஓய்வுபெற்ற சட்டத்தரணி, கொட்டாஞ்சேனை):
மகள், இரண்டுமே சரியல்ல. இலங்கையில் பொதுச் சட்டத்தின் கீழ் பதிந்த திருமணத்தைக் கலைக்க 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் ஏற்கும் காரணங்கள் மூன்றே: திருமணத்தின் பின் பிறருடன் கொண்ட தகாத உறவு, வேண்டுமென்றே கைவிட்டுச் செல்லுதல், மணம் முடிக்கும்போதே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை. சம்மதம் அவற்றில் இல்லை. கண்டிப் பகுதிச் சிங்களவருக்கான கண்டியச் சட்டத்தின்படி மணந்தவர்களுக்கு இருவரின் சம்மதமும் ஒரு காரணம் என்பதால், அதைக் கேள்விப்பட்டவர்கள் எல்லோருக்கும் அது பொருந்தும் என்று எண்ணிவிடுகிறார்கள். மாமா சொன்ன ஏழு வருடம் சிவில் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 608ஆம் பிரிவில் வருகிறது. ஆனால் பிரிந்திருந்த காலம் மட்டும் போதாது, தவறும் நிரூபிக்கப்பட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 1986இல் தென்னக்கோன் வழக்கில் தீர்த்துவிட்டது.

எதிர்ப்பில்லாத வழக்கிலும் ஒருவர் வழக்காளியாகவும் மற்றவர் எதிராளியாகவும்தான் நிற்க வேண்டும். நீங்கள் வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில் உங்கள் சட்டத்தரணி வழக்கைத் தாக்கல் செய்வார். கணவருக்கு அழைப்பாணை போகும். அது அவரை அவமதிப்பதற்காக அல்ல, அது இல்லாமல் வழக்கு நகராது என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் வராமலோ மறுக்காமலோ இருந்தாலும் நீங்கள் சாட்சியம் சொல்லியே ஆக வேண்டும். மகள் யாரிடம் இருப்பது, தாபரிப்பு எவ்வளவு என்பவற்றில் உடன்பட்டு அதை நீதிமன்றத்தில் பதியலாம். ஆனால் நடக்காத தவறொன்றை இருவரும் பேசி உருவாக்கினால் அது கூட்டுச்சதி, வழக்கே தள்ளுபடியாகும். உங்களுக்கு அந்தத் தேவையும் இல்லை. அவர் போனதும், நீங்கள் அழைத்தும் வராததும் உண்மையென்றால் அதையே சொல்லுங்கள். அழைத்ததற்குச் சான்று ஏதும் உண்டா?

பதில் (தெமட்டகொடை):
அக்கா, நானும் இதே பாதையில் போனவள். பதிவுகள் சிங்களத்தில்தான் நடந்தன, ஆனால் முதலியார், அதாவது நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொல்லி, என் பதிலைச் சிங்களத்தில் சொன்னார். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தரும் உரிமை அது. தமிழில் பேசப்போகிறேன் என்று சட்டத்தரணியிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள். "அவர் போன அன்று என்ன எடுத்துப் போனார்?" என்று கேட்டபோது, மகனின் புத்தகப்பையில் தன் உடுப்புகளை அடைத்துக்கொண்டு போனதைச் சொன்னேன், அதற்குமேல் அதைப்பற்றி எதுவும் கேட்கவில்லை. கட்டணம் சிரமமென்றால் சட்ட உதவி ஆணைக்குழு கொழும்பு புதுக்கடையில் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 2021 தைப்பொங்கலுக்கு வரச்சொல்லி நான் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும், "இனி அந்த வீட்டுக்கு வரமாட்டேன், என் சாமான்களைத் தங்கச்சியிடம் கொடு" என்ற அவருடைய பதிலும் பழைய தொலைபேசியில் இருக்கின்றன. தீர்ப்பு வந்த அன்றே எல்லாம் முடிந்துவிடுமா?

பதில் (ஓய்வுபெற்ற சட்டத்தரணி):
இல்லை. முதலில் கிடைப்பது நிபந்தனைத் தீர்ப்பு, பேச்சுவழக்கில் "நைசை" என்பார்கள். குறைந்தது மூன்று மாதம் கழிந்த பின்னரே அது இறுதியாக்கப்படும். அதற்குமுன் உங்களில் எவர் மறுமணம் செய்தாலும் அது செல்லாது, குற்றமும் ஆகும். அந்தச் செய்திகளைத் திகதி தெரியும்படி அச்சிடுங்கள். பழைய தொலைபேசியை விற்றுவிடாதீர்கள். சாமான்களைப் பெற்றுப்போன அவருடைய தங்கை சாட்சியம் சொல்ல முன்வருவாரா என்றும் கேட்டுப்பாருங்கள்.