ஆன்டி-சிசிபி அதிகம், ஈறிலும் ரத்தம்: பல் வைத்தியம் செய்தால் மூட்டுவலி குறையுமா?

நர்மதா (கேள்வி)
அம்மாவுக்கு 52 வயது. முடக்குவாதத்துக்கு வாரம் 15 மி.கி. மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை. முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆன்டி-சிசிபி ரத்த டெஸ்டில் அளவு அதிகம். பல் துலக்கினால் ரத்தம் வருகிறது, கடைவாய்ப் பல் இரண்டு ஆடுகிறது. ஈறுக் கிருமிதான் மூட்டு நோயைக் கிளப்புகிறது என்பது உண்மையா? ஸ்கேலிங்குக்கு (பல் காறை எடுப்பதற்கு) முன் மாத்திரையை நிறுத்தணுமா?

லேப்_குமரன்
தொடர்பு உண்மைதான். புரதத்திலுள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் சிட்ருலின் என்ற இன்னொன்றாக மாறினால், சிலருடைய உடம்பு அதை அந்நியமாக எண்ணி எதிர்ப்பொருள் உண்டாக்கும். ஆன்டி-சிசிபி டெஸ்ட் அளப்பது அதைத்தான். இந்த மாற்றத்தைச் செய்யும் நொதி நம் உடம்பிலும் உண்டு. போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் என்ற ஈறுக் கிருமியிடமும் உண்டு. இன்னொரு ஈறுக் கிருமி அக்ரிகேட்டிபேக்டர். அதன் நஞ்சு வெள்ளணுவில் ஓட்டை போடுகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது, அந்த அணுவின் நொதியே கண்டபடி சிட்ருலினாக்கித் தள்ளுகிறது. 2016-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு இதைக் காட்டியது.

ஆனால் இந்த எதிர்ப்பொருள் மூட்டு வீங்குவதற்குப் பல வருஷம் முன்பே ரத்தத்தில் வந்துவிடும். மரபணு, புகை இரண்டுக்கும் பங்குண்டு. ஈறைச் சரிசெய்த பிறகு மூட்டு வீக்கம் குறைந்ததாகச் சில சிறு ஆய்வுகள் சொல்கின்றன. எல்லா ஆய்விலும் அப்படி இல்லை. அதை நம்பி மாத்திரையைக் குறைக்க வேண்டாம். பல்லைக் காப்பாற்றவே இந்த வைத்தியம் அவசியம்.

ஈறு_டாக்டர்
பல் ஆடுகிறது என்றால் மேலோட்டமான ஸ்கேலிங் போதாது. ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடத்தில் ஈறுப் பையின் ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். 3 மி.மீ. வரை சரி, 4-க்கு மேல் போய் ரத்தமும் வந்தால், மரத்துப்போக ஊசி போட்டு வேர்ப்பகுதியைச் சுரண்டும் ரூட் பிளானிங் தேவை. மூன்று மாதத்துக்குள் மறுபடி அளக்கணும். நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்: ஈறு வீக்கம் வற்றியதும் பல் நீளமாகத் தெரியும், கூசும், கெடுத்துவிட்டார்கள் என்று அடுத்த முறை போவதில்லை.

விரல் மடங்காதவர்களுக்கு பிரஷ் பிடிதான் சிக்கல். சைக்கிள் ஹேண்டில் கிரிப்பை மாட்டினால் பிடிக்க வரும். பல்லிடுக்குக்குத் தனி பிரஷ். குளோர்ஹெக்சிடின் 0.2% என்றால் 10 மி.லி., ஒரு நிமிடம், தினம் இரண்டு வேளை, இரண்டு வாரம் போதும். நீட்டினால் பல்லில் கறை. பேஸ்ட் போட்டு அரை மணி கழித்துக் கொப்பளிக்கணும், இல்லையென்றால் மருந்தின் பலன் குறையலாம். அப்பாயின்ட்மென்ட் பதினோரு மணிக்கு மேல் வாங்குங்கள்; காலை விறைப்போடு நாற்காலியில் சாய்ந்திருப்பது கொடுமை.

மருந்தாளர்_செல்வி
ஸ்கேலிங்குக்காக மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்த வேண்டியதில்லை. பயாலஜிக் ஊசி (நோய் எதிர்ப்பைக் குறிபார்த்து அடக்கும் முடக்குவாத மருந்து) போடுகிறவர்கள் பல் பிடுங்குவதற்கு முன் மூட்டு டாக்டரைக் கேட்கணும்.

கவனம் வேண்டியது பல் டாக்டர் எழுதும் சீட்டில். கோ-ட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் கூடவே கூடாது. ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குச் சரியும். அமாக்சிசிலினும் இப்யூப்ரோஃபெனும் மெத்தோட்ரெக்ஸேட் சிறுநீரில் வெளியேறுவதைக் குறைக்கலாம், அதனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாய்ப்புண் வந்தால் ஈறு நோய் என்று விட்டுவிடாதீர்கள், மெத்தோட்ரெக்ஸேட்டாலும் வரும். புண்ணோடு காய்ச்சலும் இருந்தால் அடுத்த டோஸ் போடாமல் அன்றைக்கே டாக்டரைப் பார்த்து ரத்த அணு எண்ணிக்கை எடுங்கள்.