எஃப்என்பி மாணவிக்கு பிரிசெப்டராக இருப்பது: 18 நோயாளிகளுக்கு நடுவே எப்படி?

வைகைக்கரை:
அமெரிக்காவில் குடும்ப மருத்துவ கிளினிக்கில் நர்ஸ் பிராக்டிஷனராக (என்பி: நோயைக் கண்டறிந்து மருந்து எழுதும் உயர்பயிற்சி பெற்ற நர்ஸ்) இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு கேள்வி. அடுத்த செமஸ்டரில் முதல்முறையாக ஒரு எஃப்என்பி (குடும்ப நர்ஸ் பிராக்டிஷனர்) மாணவி என்னிடம் பயிற்சிக்கு வருகிறார்; நான்தான் பிரிசெப்டர், அதாவது கிளினிக்கில் கற்றுத்தரும் வழிகாட்டி. 20 நிமிட ஸ்லாட், நாளுக்கு 18 பேர். எண்ணிக்கையைக் குறைக்க மேனேஜர் ஒத்துக்கொள்ள மாட்டார். மாணவிக்குப் பல வருட ஐசியூ அனுபவம் உண்டு. நேரம் தள்ளிப்போகாமல் ஓட்டுவது எப்படி? நோயாளியைப் பார்த்து அவர் எழுதும் நோட்டை (மருத்துவக் குறிப்பை) நான் அப்படியே பயன்படுத்தலாமா?

மருந்துச்சீட்டு:
எண்ணிக்கையைத் தொடாதீங்க, ஸ்லாட்டை அடுக்குற விதத்தை மாத்துங்க. 9 மணிக்கு ரெண்டு பேரை வரச் சொல்லுங்க. ஒருத்தரை மாணவி பார்க்கட்டும், இன்னொருத்தரை நீங்க பாருங்க. 9.20-க்கு மாணவி இருக்கிற ரூமுக்குப் போய், நோயாளி முன்னாடியே கேஸைச் சொல்லச் சொல்லுங்க. 9.40-க்கு மூணாவது ஆளை நீங்க பார்க்கும்போது அவங்க நோட்டை முடிச்சிடுவாங்க. மணிக்கு மூணு பேர், கணக்கு மாறலை.

நோயாளி முன்னாடி கேஸ் சொன்னா, தப்பா கேட்டுக்கிட்டதை அவரே அங்கேயே திருத்திடுவார். அதுலயே நேரம் மிச்சம். புற்றுநோய்ச் சந்தேகம், போதைப் பழக்கம், வீட்டில் அடி உதை மாதிரி விஷயம்னா மட்டும் வெளியே வந்து பேசுங்க.

முதல் வாரம் நாளுக்கு நாலஞ்சு பேர் போதும். காலையில லிஸ்டைப் பார்த்து நீங்களே தேர்ந்தெடுங்க: தொண்டை வலி, நீர்க்கடுப்பு, பிரஷர் ஃபாலோ-அப். ஆறு வியாதி, பதினாலு மாத்திரைன்னு வர்றவரை இப்போ வேண்டாம். மாணவி பார்க்கலாமான்னு நோயாளிகிட்ட எம்ஏ (மெடிக்கல் அசிஸ்டன்ட்) முன்கூட்டியே கேட்டுடணும். மாணவியை நேர்ல வெச்சுக்கிட்டு கேட்டா, வேண்டாம்னு சொல்ல யாருக்கும் வாய் வராது.

வறட்டுஇருமல்:
ஐசியூ அனுபவம் என்றீர்களே, அதில்தான் கவனம் வேண்டும். தகவல் திரட்டுவதில் இவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் ‘இது இன்ன நோய், நான் இதைச் செய்யப்போகிறேன்’ என்று துணிந்து சொல்வது பழக்கமில்லாத வேலை.

58 வயதுக்காரருக்கு ஆறு வாரமாக வறட்டு இருமல், லிசினோபிரில் என்ற பிரஷர் மாத்திரை எடுக்கிறார் என்று வையுங்கள். மாணவி ஐந்து நிமிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார். அங்கே விடையைச் சொன்னால் காரியம் கெட்டது. ‘உங்கள் கணிப்பு என்ன?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதில் வந்தபின் ‘எதை வைத்துச் சொல்கிறீர்கள்? வேறு என்னவாக இருக்கலாம்?’ என்று கேளுங்கள். பிறகு ஒரே ஒரு பொது விதி: லிசினோபிரிலால் வரும் இருமல், அந்த மாத்திரையைத் தொடங்கிப் பல மாதம் கழித்தும் வரலாம், மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் 1 முதல் 4 வாரத்தில் அடங்கும், சிலருக்கு 3 மாதம்வரை நீளும், பிரஷருக்கு லோசார்ட்டான் வகைக்கு மாற்றலாம். அடுத்து சரியாகச் செய்ததையும், திருத்த வேண்டியதையும் சொல்லுங்கள்.

1992-இல் வெளியான ‘ஒன் மினிட் பிரிசெப்டர்’ முறையின் ஐந்து படிகள் இவைதான். ஒரு நிமிடம் என்பது பெயரளவில்தான், நான்கைந்து ஆகும். ‘நல்லா பண்ணீங்க’ என்பதால் பயனில்லை. ‘எடை குறைந்ததா, சளியில் ரத்தம் வந்ததா என்று கேட்டது சரி’ என்று சொன்னால் அடுத்த முறையும் கேட்பார்.

சார்ட்வேலை:
நோட் பற்றி. 2020-இலிருந்து மெடிகேர் (முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) விதிப்படி, என்பி மாணவி எழுதியதை பிரிசெப்டர் சரிபார்த்துக் கையெழுத்திட்டால் போதும், திரும்ப எழுத வேண்டியதில்லை. பில் உங்கள் பெயரில் போவதால் உடல் பரிசோதனையும் சிகிச்சை முடிவும் உங்களுடையதாக இருந்தே ஆகவேண்டும். தனியார் இன்சூரன்ஸுக்கும் கிளினிக்குக்கும் தனி விதி இருக்கலாம், பில்லிங் ஆளிடம் கேட்டுவிடுங்கள்.

பெரிய வில்லங்கம் பழைய நோட்டைக் காப்பி செய்வது. போன வருடம் கேட்ட இதய முணுமுணுப்பு இந்த வருடமும் சார்ட்டில் (நோயாளியின் பதிவில்) வந்து உட்கார்ந்திருக்கும். முதல் இரண்டு வாரம் காப்பிக்குத் தடை போடுங்கள். ஆர்டரையும் மருந்தையும் மாணவி தயாரித்து நிறுத்தி வைக்கலாம், அனுப்புவது நீங்கள். உங்கள் லாகினை எந்த அவசரத்திலும் தராதீர்கள். கல்லூரி–கிளினிக் ஒப்பந்தமும் காப்பீட்டுச் சான்றும் கைக்கு வராமல் முதல் நாளே வேண்டாம்.

வைகைக்கரை:
மிக்க நன்றி. பாதி செமஸ்டர் ஆகியும் தேறவில்லை என்றால்?

மருந்துச்சீட்டு:
பாதி வரைக்கும் காத்திருக்காதீங்க. மூணாவது, நாலாவது வாரத்துலயே கல்லூரி ஆசிரியருக்கு எழுதுங்க. ‘மந்தம்’னு எழுதினா அவங்களால ஒண்ணும் செய்ய முடியாது. ‘மூணு கேஸ்ல ஒவ்வாமை கேட்கலை, கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்காம மெட்ஃபார்மின் (சர்க்கரை மாத்திரை) சொன்னாங்க’ன்னு தேதியோட எழுதுங்க. பாஸா ஃபெயிலாங்கிறது ஆசிரியர் முடிவு, உங்க தலையில போட்டுக்காதீங்க.

மாணவியோட பயிற்சி மணிக்கணக்கை வாராவாரம் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க. என்பி படிப்புக்கான 2022 தேசியத் தரநிலையில குறைந்தபட்சம் 500-ல இருந்து 750 மணி ஆயிடுச்சு, அதுவும் நேரடியா நோயாளியைப் பார்த்த நேரம் மட்டும்தான். கடைசி வாரத்துல மொத்தமா நீட்டினா, எந்த நாள் எத்தனை மணி வந்தாங்கன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது.