எசேக்கியாவின் சுரங்கத்தில் முழங்கால் தண்ணீரில்

எருசலேம் போகிறவர்களிடம் மேற்குச் சுவரையும் மசாதா கோட்டையையும் எல்லாரும் சொல்லி அனுப்புவார்கள். இரண்டும் பார்க்க வேண்டிய இடங்கள்தான். என்னைக் கேட்டால், எருசலேமின் மிகப் பழைய பகுதியான தாவீதின் நகரத்துக்கு அடியில் இருக்கும் எசேக்கியாவின் சுரங்கத்தை விட்டுவிடாதீர்கள் என்பேன்.

கி.மு. 701-இல் அசீரிய மன்னன் சனகெரிப், எசேக்கியா ராஜா ஆண்ட யூதா நாட்டின் மேல் படையெடுத்து வந்தான். முற்றுகையில் தண்ணீர் எதிரி கைக்குப் போகாமல் இருக்க, கீகோன் ஊற்றை மலைக்கு அடியிலேயே நகரத்துக்குள் திருப்பினார்கள். வெட்டிய நீளம் 533 மீட்டர். இரண்டு முனையிலிருந்தும் ஆட்கள் வெட்டிக்கொண்டே வந்து நடுவில் சந்தித்திருக்கிறார்கள்.

இறங்கியதும் தண்ணீர் தொடை வரை ஏறியது, நல்ல குளிர். சிறிது தூரம் போனதும் முழங்காலுக்குக் கீழே வந்துவிட்டது. விளக்குகள் கிடையாது, கையில் இருக்கும் டார்ச்தான். பல இடங்களில் இரண்டு தோளும் பாறையில் உரசும், நடுவழியில் நன்றாகக் குனிய வேண்டும். சுவரில் உளி பட்ட கோடுகள் அப்படியே தெரிகின்றன. அவை ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஓரிடத்தில் சுரங்கம் இப்படியும் அப்படியும் வளைகிறது, பாதியில் கைவிட்ட வெட்டுகளும் உண்டு. அதைத் தாண்டியதும் கோடுகள் எதிர்ப்பக்கம் சாய்கின்றன. எதிரணியின் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடித் தடுமாறிய இடம் இதுதான்.

1880-இல் தெற்கு முனைக்கு அருகே ஆறு வரிக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. இன்னும் மூன்று முழம் பாறை மிச்சம் இருந்தபோது ஒருவர் மற்றவரை அழைக்கும் குரல் கேட்டது என்கிறது அது. எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அதில் ராஜாவின் பெயரே இல்லை. முழுக்கக் கல் உடைத்தவர்கள் கதை. அப்போது உஸ்மானியர் ஆட்சி என்பதால் கல்வெட்டு இஸ்தான்புல் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது.

நாங்கள் நடக்கும்போது முன்னால் போன ஒரு குழு பாட ஆரம்பித்தது. ஆட்கள் கண்ணில் படவில்லை. குரல் பக்கத்தில் கேட்கிறதா தூரத்தில் கேட்கிறதா என்றே பிடிபடவில்லை. மூன்று முழத்தில் கேட்ட குரல் என்றால் என்ன என்று அப்போதுதான் புரிந்தது.

வெளியே வந்தால் அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் சீலோவாம் குளம். 2004-இல் கழிவுநீர்க் குழாய் வேலைக்குத் தோண்டியபோது அகப்பட்ட பழைய குளத்தின் படிகளும் பக்கத்தில்தான். ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தலைக்கு மேலே இருப்பது சில்வான், பாலஸ்தீனக் குடும்பங்கள் வாழும் பகுதி. அங்கே தோண்டுவது தீராத சர்ச்சை. எங்கள் வழிகாட்டி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அப்புறம், போகிறவர்களுக்கு: நனைந்தால் கவலைப்படாத செருப்பு, நெற்றியில் மாட்டும் விளக்கு, மாற்று உடை அவசியம். சனிக்கிழமை மூடியிருக்கும், வெள்ளிக்கிழமை சீக்கிரம் மூடிவிடுவார்கள். இருட்டும் இடுக்கும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தண்ணீர் இல்லாத கானானியர் சுரங்கம் தனியாக இருக்கிறது, அதில் விளக்கும் உண்டு.