அரசியலை நம்பாதவர்களுக்கு பூத்தில் வேலை இருக்கிறது: நீலகிரி அனுபவப் பகிர்வு

சின்னக் கட்சிக்காகத் தேர்தல் வேலை பார்ப்பது எப்படி என்று நீலகிரி மாவட்டத்தின் மூன்று ஊர்க்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பேசுகிறார்கள்.

பந்தலூர்:
தேர்தல் ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாத சின்னக் கட்சி வேட்பாளரின் வேட்புமனுவில் 10 முன்மொழிபவர் கையெழுத்து வேண்டும். அங்கீகாரம் பெற்ற பெரிய கட்சிக்கு ஒருவர் போதும். பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டைக் காலி செய்து போனவர் பெயர் பழைய இடத்திலேயே கிடக்கும், அதனால் பாகம் எண், வரிசை எண்ணைப் புதிய வாக்காளர் பட்டியலில் பார்த்தே எழுதுங்கள். கைநாட்டு வைக்கும் பாட்டிமார் என்றால் தேர்தல் அலுவலர் அல்லது அதிகாரம் பெற்ற அதிகாரி முன்னால்தான் வைக்க வேண்டும். வீட்டில் வைத்து வாங்கி வந்தால் செல்லாது. ஒரே வேட்பாளர் நான்கு செட் மனு வரை தாக்கல் செய்யலாம், டெபாசிட் ஒன்றுதான். இரண்டாவது செட்டுக்கு வேறு பத்துப் பேரைப் பிடியுங்கள். 3 மணிக்குள் கூடலூர் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) ஆபீஸுக்குள் இருக்க வேண்டும், கடைசி நாளில் மலைப் பஸ்ஸை நம்பாதீர்கள்.

கோத்தகிரி:
அண்ணன் சொன்னது மனுவுக்கு. சட்டமன்றத்துக்கு டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. செல்லுபடியான வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கிடைத்தால்தான் திரும்பும். செல்லுபடியான வாக்கு 1,50,000 என்றால் 25,000க்கு மேல் வேண்டும். போன பணம் என்று எண்ணியே கட்டுங்கள்.

ஆனால் வேட்பாளர் சார்பில் வாக்குச்சாவடியில் உட்கார்ந்து கவனிக்கும் பூத் ஏஜென்ட் வேலை அப்படி வீணாகாது. யாரையும் நம்பாதவர்தான் அதற்குச் சரியான ஆள். வாக்குப்பதிவு 7 மணிக்கு என்றால் மெஷினைச் சோதிக்கும் மாதிரி வாக்குப்பதிவு 5.30க்கு. ஏஜென்ட் வராவிட்டால் 15 நிமிடம் பார்த்துவிட்டு ஆரம்பித்துவிடுவார்கள். எஸ்டேட் பூத்துக்கு அந்த நேரத்தில் பஸ் கிடையாது, முந்தின இரவே பக்கத்து லைனில் தங்கிவிடுங்கள். வேட்பாளர் கையெழுத்திட்ட ஏஜென்ட் நியமனப் படிவம் 10 இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். போனும் கொண்டுபோகக் கூடாது.

மாதிரியில் குறைந்தது 50 ஓட்டு போடுவார்கள். முடிந்ததும் மெஷினில் க்ளோஸ், ரிசல்ட், க்ளியர் மூன்று பட்டனும் அழுத்தினார்களா, ஓட்டுச் சீட்டு அச்சாகி விழும் விவிபேட் பெட்டியிலிருந்து மாதிரிச் சீட்டை எடுத்தார்களா என்று கண்ணால் பாருங்கள். க்ளியர் செய்யாமல் விட்டால் மாதிரி ஓட்டு மெஷினிலேயே கிடந்து கணக்கு குழம்பும். ஓட்டுகள் பதிவாகும் மெஷின் பகுதியான கன்ட்ரோல் யூனிட்டின் நம்பரைக் குறித்துக்கொண்டு சீலில் உங்கள் கையெழுத்தும் போடுங்கள்.

குன்னூர்:
சாயங்காலம் தலைமை வாக்குச்சாவடி அலுவலரிடம் பதிவான ஓட்டுக் கணக்கான படிவம் 17சி நகலை வாங்காமல் எழுந்திருக்காதீங்க அக்கா. குளிருக்கும் கடைசி பஸ்ஸுக்கும் பயந்து பாதிப் பேர் 5 மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள், அதுதான் சின்னக் கட்சிகளின் பெரிய பலவீனம். ஓட்டு எண்ணும் நாளில் மேஜையில் கன்ட்ரோல் யூனிட்டின் நம்பரும் மொத்த ஓட்டும் அந்தத் தாளோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ரிசல்ட் பட்டனை அழுத்தும் முன்பே சொல்லி, எழுத்தில் மனு கொடுங்கள்.

வேட்பாளர் தேர்தல் செலவுக் கணக்கை முடிவு அறிவித்த 30 நாளில் கொடுக்க வேண்டும். பூஜ்யம் செலவானாலும் கொடுங்கள். கொடுக்காதவரை மூன்று வருடம் போட்டியிடத் தகுதியற்றவராக்க தேர்தல் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.