1942 கொழும்புக் குண்டுவீச்சு: எது நடந்தது, எது கதை?

வெள்ளவத்தை வாசகன்:
1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு குண்டுவீச்சைப் பற்றி மூன்று கதைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கனேடிய விமானி பேர்ச்சால் எச்சரித்திராவிட்டால் ஜப்பான் இலங்கையைப் பிடித்திருக்கும். வந்த ஜப்பானிய விமானங்களில் இருபதுக்கு மேல் சுட்டு வீழ்த்தினார்கள். கொலன்னாவை எண்ணெய்த் தாங்கி என்று நினைத்து அங்கொடை மருத்துவமனையில் குண்டு போட்டார்கள். இவற்றில் எதை நம்பலாம்?

பழைய பதிவேடு:
முதலாவதில் பாதிதான் தேறும். கொக்கலவிலிருந்து போன பேர்ச்சாலின் கற்றலினா ரோந்து விமானம் 4ஆம் திகதி பின்னேரம் ஜப்பானியத் தளபதி நகுமோவின் கப்பற்படையைக் கண்டது, செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே வீழ்த்தப்பட்டது. ஒன்பது பேரில் ஆறு பேர் பிழைத்துச் சிறைப்பட்டார்கள். துணிச்சலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நகுமோவிடம் ஐந்து விமானந்தாங்கிகள் இருந்தன. தரையிறங்கப் படை இல்லை. அவர் தேடியது பிரிட்டிஷ் தளபதி சொமவில்லின் கிழக்குக் கப்பற்படையை. சங்கேதச் செய்திகளை உடைத்து, ஏப்ரல் 1 அளவில் தாக்குதல் வரும் என்று பிரிட்டிஷார் முன்பே எதிர்பார்த்தார்கள். காத்திருந்து ஒன்றும் வராததால் 2ஆம் திகதி இரவு மாலைதீவின் அட்டு அட்டோலுக்குத் திரும்பினார்கள். பேர்ச்சாலின் செய்தி திகதியை உறுதிப்படுத்தியது. அன்றிரவே கொழும்பை விட்டுப் புறப்பட்ட டோர்செற்ஷயர், கோர்ன்வால் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களும் மறுநாள் கடலில் மூழ்கடிக்கப்பட்டன, 424 பேர் இறந்தார்கள். 'இலங்கையின் மீட்பர்' என்பவர்கள் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை.

றேஸ்கோர்ஸ் ஓடுபாதை:
இரண்டாவது வெறும் போர்க்காலக் கணக்கு. வந்தவை 127: 91 குண்டுவீச்சு விமானங்கள், 36 ஸீரோ போர்விமானங்கள். திரும்பாதவை ஏழு. பொய் சொன்னார்கள் என்று எடுக்க வேண்டாம், தம்பி. ஒரே விமானத்தை மூன்று பேர் சுட்டால் மூன்று பேரும் 'நான் வீழ்த்தினேன்' என்பார்கள். எஞ்சினை முழு வேகத்தில் திறக்கும்போது கக்கும் புகையும் 'தீப்பற்றியது' என்று பதிவாகும். கடலில் விழுந்ததை யாரும் போய் எண்ண முடியாது. அதனால் இழப்பை எப்போதும் இழந்தவரின் பதிவில் பாருங்கள். பிரிட்டிஷ் பக்கம் மேலெழும்பிய 41 போர்விமானங்களில் 20 போயின. திருகோணமலை சீனக்குடாவிலிருந்து டோர்பிடோவுடன் வந்த ஆறு சுவோட்பிஷ் விமானங்களும் வீழ்ந்தன.

'பிரிட்டிஷ் விமானங்கள் எல்லாம் தரையிலேயே மாட்டின' என்று சிலர் சொல்வதும் தவறு. இரத்மலானையில் பிரிட்டிஷ் விமானப்படையின் 30ஆவது அணிக்கு ராடார் எச்சரிக்கை கிடைக்கவில்லை, குண்டுக்கு நடுவேதான் ஏறினார்கள். கறுவாத்தோட்டத்துக் குதிரைப் பந்தயத் திடலில் ஓடுபாதை இருந்தது ஜப்பானியருக்குத் தெரியாது. 258ஆவது அணி அங்கிருந்து கிளம்பியது.

பழைய பதிவேடு:
அங்கொடையில் குண்டு விழுந்தது உண்மை. ஏன் போட்டார்கள் என்று விமானியின் மனதைச் சொல்லும் பகுதி ஊகம். தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய ஜப்பானிய விமானி புச்சிடா போருக்குப் பின் சொன்னவற்றையும் தனியே நம்ப வேண்டாம். மிட்வே கடற்சமர் பற்றி அவர் சொன்னவை ஜப்பானியப் பதிவுகளோடேயே முரண்படுகின்றன.

வெள்ளவத்தை வாசகன்:
நன்றி. ஜப்பானியப் பதிவில் தாக்குதல் முற்பகலில் நடந்ததாக இருக்கிறதே? இங்கே ஏழரைக்குப் பிறகு என்கிறார்கள்.

றேஸ்கோர்ஸ் ஓடுபாதை:
ஜப்பானியக் கடற்படை எங்கே போனாலும் தோக்கியோ நேரத்தில்தான் எழுதும். மூன்று மணித்தியாலம் கழியுங்கள். பலர் மூன்றரை கழித்து வரிசையைக் குழப்புகிறார்கள்: 1942 ஜனவரியிலேயே இலங்கைக் கடிகாரத்தை அரை மணித்தியாலம் முன்னே தள்ளிவிட்டார்கள்.